சென்னையில் எந்த விடுதியில் தங்குவது?

ஏறாவூரிலிருந்து முதன்முதலாகச் சென்னைக்குப் புறப்படுவோர், கடவுச்சீட்டும் வீசாவும் கைக்கு வந்த பின்னர், என்னைப் போன்ற பழைய பத்திரிகைக்காரர்களிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "அண்ணன், அங்க நல்ல றூம், விலையும் ஆகக் கூடாம, எங்க எடுக்கலாம்?" என்பார்கள். விடுதியொன்றின் பெயரைச் சொல்லி அனுப்பிவிடுவது எளிது. நான் அவ்வாறு செய்வதில்லை. என்ன அலுவலாகப் போகிறீர்கள், உடன் வருபவர் யார், விமானம் எத்தனை மணிக்கு இறங்குகிறது என்று மூன்று விடயங்களைத் திருப்பிக் கேட்பேன். இம்மூன்றுக்கும் பதில் கிடைத்துவிட்டால், தங்க வேண்டிய இடம் ஏறத்தாழத் தெரிந்துவிடும். விலை அதற்குப் பின்னர் பார்க்க வேண்டியது. நட்சத்திரங்களும் இணையத்துப் படங்களும் அதற்கும் பின்னர்.

இதனைச் சில்லறை விடயமென்று ஒதுக்க முடியாது. எமது பகுதியிலிருந்து சென்னைக்குச் செல்வோரில் உல்லாசப் பயணிகள் குறைவு. கண், இருதய, புற்றுநோய்ச் சிகிச்சைகளுக்காகச் செல்வோர், புடைவை வாங்கிவரும் வியாபாரிகள், கல்யாணத்துக்குத் துணிமணி எடுக்கச் செல்வோர், கனடாவிலிருந்தோ சுவிற்சர்லாந்திலிருந்தோ வரும் பிள்ளையை நடுவழியில் கண்டுவரச் செல்லும் தாய் தகப்பன் ஆகியோரே அதிகம். நகையை அடகு வைத்தும் வயற்காணியை ஈடு வைத்தும் திரட்டிய பணம் அவர்களின் மடியில் இருக்கிறது. அப்பணத்தின் பெறுமதியும் முன்னர்போல் இல்லை. 2022ஆம் ஆண்டு நெருக்கடிக்கு முன்னர் ஓர் இந்திய ரூபாய்க்கு நாம் 3 இலங்கை ரூபாய்க்கும் குறைவாகவே கொடுத்தோம். அவ்வாண்டின் நடுப்பகுதியில் அது 4 ரூபாயைத் தாண்டியது. பழைய நிலைக்கு இன்றும் திரும்பவில்லை. இந்நிலையில் பிழையான இடத்தில் எடுத்த ஓர் அறை, மருந்துக்கென வைத்த பணத்தை ஓட்டோக் கூலியாகவே கரைத்துவிடும்.

முதலில் பயணத்தின் தன்மையை எண்ணிப் பார்க்க வேண்டும். கொழும்பிலிருந்து சென்னைக்கு வானில் செல்லும் நேரம் ஒன்றரை மணித்தியாலத்துக்கும் குறைவு. ஆனால் ஏறாவூர்க்காரர் கட்டுநாயக்காவை அடைவதற்கு ரயிலிலோ பஸ்ஸிலோ ஓர் இரவைக் கழித்திருப்பார். விமான நிலையத்தில் மூன்று மணித்தியாலம் காத்திருந்து, சென்னையில் குடிவரவு வரிசையிலும் நின்று வெளியே வரும்போது, அவர் வீட்டை விட்டுப் புறப்பட்டு ஒரு நாள் ஆகியிருக்கும். உடன் வருபவர் நோயாளியாகவோ வயது சென்ற தாயாராகவோ இருந்தால் நிலைமையைச் சொல்ல வேண்டியதில்லை. அந்த வேளையில், முன்பின் தெரியாத நகரில், பெட்டிகளோடு தெருத் தெருவாக அறை தேடுவது புத்தியான காரியமன்று. 'போய்ப் பார்த்து எடுக்கலாம்' என்ற துணிவு தனியே செல்லும் இளைஞனுக்குப் பொருந்தலாம். குடும்பத்துக்குப் பொருந்தாது.

அடுத்தது இடம். சென்னையை ஒரே ஊராக எண்ணுவதே முதற்பயணிகள் பலருக்குச் செலவை ஏற்படுத்துகிறது. நோயாளிகள் அதிகம் நாடும் அப்பல்லோ வைத்தியசாலை கிரீம்ஸ் ரோட்டில் இருக்கிறது, 1983இல் தொடங்கப்பட்டது. 1978இல் தொடங்கப்பட்ட சங்கர நேத்ராலயா கண் வைத்தியசாலை நுங்கம்பாக்கம் காலேஜ் ரோட்டில் இருக்கிறது. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று அண்மையானவை. ஆனால் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் உருவான புற்றுநோய் நிலையம் அடையாற்றில், நகரின் தென்புறத்தில் இருக்கிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியோ சென்னையே அன்று. ஏறத்தாழ 140 கிலோமீற்றர் தொலைவில் உள்ள வேறு நகரம். அக்கல்லூரி 2022இல் ராணிப்பேட்டைப் பக்கம் புதிய வளாகமொன்றையும் திறந்திருப்பதால், எந்த வளாகத்தில் வைத்தியரைச் சந்திக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளாமல் வேலூர் நகருக்குள் அறை எடுப்பதும் சிக்கலாகும். வைத்திய அலுவலாகச் செல்பவருக்கு நான் சொல்வது இதுதான்: வைத்தியசாலை வாசலுக்கு நடந்து செல்லக்கூடிய தூரத்தில் தங்குங்கள். ஐந்நூறு ரூபாய் கூடுதலாக இருந்தாலும் பரவாயில்லை. இரத்தப் பரிசோதனைக்கு ஒருமுறை, அறிக்கை எடுக்க ஒருமுறை, வைத்தியரைக் காண ஒருமுறை என்று ஒரே நாளில் மூன்று தடவை போய்வர நேரும். ஐந்நூறு ரூபாய் அதிலேயே மீண்டுவிடும்.

வியாபாரிகளுக்கு மண்ணடி பழகிய இடம். துறைமுகத்துக்கு அண்மையில், தம்புச் செட்டித் தெரு, லிங்கிச் செட்டித் தெரு என்று நீளும் அந்த வட்டாரத்திலிருந்து மொத்த வியாபாரக் கடைகள் அதிக தூரமில்லை. பள்ளிவாசல்களும் ஹலால் உணவும் கூப்பிடு தூரத்தில் உண்டு. 2019 பெப்ரவரியில் மெட்ரோ ரயில் வண்ணாரப்பேட்டை வரை நீண்ட பின்னர், விமான நிலையத்தில் ஏறினால் மண்ணடியில் நேராக இறங்கலாம். ஓட்டோக்காரருடன் பேரம் பேசத் தெரியாத முதற்பயணிக்கு இது பெரிய நன்மை. ஆனால் நெருக்கடியும் இரைச்சலும் மிக்க பகுதி; நோயாளிக்கு ஏற்றதன்று. திருவல்லிக்கேணி இன்னொரு விதம். பார்த்தசாரதி கோயிலும் 1795இல் கட்டப்பட்ட வாலாஜா பள்ளிவாசலும் ஒரே பேட்டையில் இருப்பதால், தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்து வாழும் எங்கள் ஊரவருக்கு அங்கு அந்நியம் தோன்றாது. கல்யாணப் புடைவைக்குச் செல்வோர் தியாகராய நகரில் தங்கினால் ரங்கநாதன் தெருவுக்கும் உஸ்மான் ரோட்டுக்கும் நடந்தே போய்வரலாம். ஆயினும் தீபாவளிக்கு முந்திய வாரங்களில் அந்தப் பக்கத்தையே தவிர்ப்பது நல்லது.

எழும்பூருக்கு நம்மவரோடு பழைய தொடர்பு இருக்கிறது. 1914 முதல் தனுஷ்கோடி வழியாகத் தலைமன்னாரை இணைத்த 'போட் மெயில்' ரயில் புறப்பட்டதும் வந்து சேர்ந்ததும் எழும்பூர் நிலையத்தில்தான். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. எண்பதுகளின் போர் கப்பலையும் நிறுத்தியது. ஆனால் இலங்கையர் எழும்பூரில் தங்கும் வழக்கம் நின்றுவிடவில்லை. நிலையத்துக்கு எதிரேயுள்ள கென்னத் லேனில் விடுதிகள் நிறைந்திருக்கின்றன; புத்தகாயாவுக்குச் செல்லும் சிங்கள யாத்திரிகர் தங்கிச் செல்லும் மகாபோதி நிலையமும் அதே ஒழுங்கையில்தான் இருக்கிறது. இலங்கைக் கடவுச்சீட்டைக் கண்டு திகைக்காத விடுதிக்காரர்களை அந்தப் பகுதியில் காண்பது எளிது. மறுநாள் ரயிலில் திருச்சிக்கோ மதுரைக்கோ போகவிருப்போருக்கும் அதுவே வசதி.

கடவுச்சீட்டு என்றதும் முக்கியமான விடயத்துக்கு வந்துவிட்டோம். இந்தியாவில் வெளிநாட்டவர் ஒருவருக்கு அறை கொடுக்கும் விடுதிக்காரர், அவ்விபரத்தை 24 மணித்தியாலத்துக்குள் குடிவரவு அதிகாரிகளுக்கு அறிவிக்க வேண்டும். விடுதிக்காரர்களிடையே நெடுங்காலம் 'சி படிவம்' என்றே இதற்குப் பெயர். 1946ஆம் ஆண்டின் வெளிநாட்டவர் சட்டத்துக்குப் பதிலாக 2025 செப்டெம்பரில் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்த பின்னரும் இக்கடமை நீங்கவில்லை. இந்தத் தொல்லை வேண்டாமென்று வெளிநாட்டவரையே ஏற்காத சிறிய விடுதிகள் பல. வேறு சில, படிவம் எதுவும் நிரப்பாமல், பணத்தை மட்டும் வாங்கிக்கொண்டு அறை தருகின்றன. முதல்வகை விடுதியால் நாம் இழப்பது சிறிது நேரம் மட்டுமே. இரண்டாவது வகையே ஆபத்தானது. சிகிச்சை நீண்டு வீசாவை நீடிக்க வேண்டி வந்தால், எங்கே தங்கியிருந்தீர்கள் என்ற கேள்வி எழும். பதிவில் இல்லாத விடுதியில் தங்கியவரிடம் அதற்குப் பதில் இருக்காது.

இக்கேள்வி நமக்கு மற்றைய நாட்டவரைவிடக் கூடுதலாகக் கனக்கிறது. 1991 மே 21ஆம் திகதி ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பின்னர், சென்னையில் இலங்கைத் தமிழ் பேசுபவர் ஓர் அறை எடுப்பது எத்துணை கடினமாயிற்று என்பதை அக்காலத்தில் சென்றோர் அறிவர். தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் செய்தி அலுவலாக நான் சென்றிருந்தபோது, ஒரு விடுதியின் மேசையில் என் கடவுச்சீட்டைப் புரட்டிய முகாமையாளர், பிறந்த இடத்தைப் பார்த்ததும் அறை இல்லை என்றார். அறைச் சாவிகள் அவருக்குப் பின்னால் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன.

அந்நிய நாட்டை மட்டும் குறைகூறிப் பயனில்லை. 2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலை, கொழும்பில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை ஆகிய பகுதிகளின் விடுதிகளில் தங்கியிருந்த 376 தமிழர்கள் பஸ்களில் ஏற்றப்பட்டு நகரைவிட்டு அனுப்பப்பட்டார்கள். தங்கியிருப்பதற்குத் தக்க காரணம் இல்லை என்று சொல்லப்பட்டது. வெளிநாடு செல்லக் காத்திருந்தவரும் வைத்தியத்துக்கு வந்தவரும் அவர்களிடையே இருந்தனர். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் வழக்குத் தொடர, மறுநாளே உயர் நீதிமன்றம் அதனைத் தடுத்து இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. பிரதமராயிருந்த ரத்னசிறி விக்கிரமநாயக்க பின்னர் வருத்தம் தெரிவித்தார். சொந்த நாட்டின் தலைநகரிலேயே விடுதி அறை எவ்வளவு உறுதியற்றது என்பதைக் கண்டவர்கள் நாம். ஆகையால்தான் ஒழுங்காகப் பதிவு செய்யும் விடுதியைத் தேடுங்கள் என்று வலியுறுத்துகிறேன். வரவேற்பு மேசையில் கடவுச்சீட்டையும் வீசாவையும் பிரதி எடுத்து, படம் பிடித்து, கையொப்பம் வாங்கும் விடுதிக்காரர் நம்மைச் சந்தேகிப்பதாக எண்ணி மனம் நோக வேண்டியதில்லை. அவர் செய்வது நமக்கும் பாதுகாப்பு. பற்றுச்சீட்டையும் தவறாமல் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

சொற்களிலும் கவனம் வேண்டும். சென்னையில் 'ஹோட்டல்' என்ற பெயர்ப்பலகையைக் கண்டு உள்ளே சென்றால் அது வெறும் சாப்பாட்டுக் கடையாக இருக்கலாம். நம் நாட்டிலும் அப்படித்தானே. 'லாட்ஜ்' என்பது அறை வாடகைக்குக் கிடைக்கும் இடம். 'மேன்ஷன்' என்ற சொல் மாளிகையை நினைவூட்டினாலும், திருவல்லிக்கேணியில் அது தனி ஆண்கள் மாதக் கணக்கில் தங்கும் கட்டிடத்தையே குறிக்கும். குடும்பத்தோடு அங்கே போய் நிற்கக் கூடாது. 'சர்வீஸ் அபார்ட்மென்ட்' என்பது சமையலறையோடு கூடிய வீடு. இரு வாரத்துக்கு மேல் தங்கும் நோயாளிக்குக் கஞ்சியும் சோறும் ஆக்கிக் கொடுக்க அது உதவும். ஆனால் அதன் உரிமையாளரும் வெளிநாட்டவரைப் பற்றிய அறிவித்தலைச் செய்பவரா என்று கேட்டே எடுக்க வேண்டும்.

இனி விலை. இருவர் தங்கும் அறைக்கு நாளொன்றுக்கு 2,000 முதல் 4,000 இந்திய ரூபாய் வரையில் உள்ளதையே நான் நடுத்தரம் என்று கருதுகிறேன். இதனை ஆடம்பரமென்று எண்ணிக் கூசுவோர் எம்மவரிடையே உண்டு. 'இரவில் படுக்கத்தானே, ஒரு கட்டில் போதும்' என்பது அவர்கள் வாதம். வியாபார அலுவலாக மூன்று நாள் செல்லும் ஆணுக்கு அவ்வாதம் சரி. நோயாளியோடு செல்பவருக்குச் சரியன்று. அவர் பகலின் பெரும்பகுதியையும் அந்த அறையில்தான் கழிக்கப் போகிறார். இரண்டாம் மாடிக்கு மேலென்றால் மின்தூக்கி வேண்டும். மின்சாரம் நின்றால் அது இயங்குவதற்கு மின்பிறப்பாக்கியும் வேண்டும். காற்று வர ஒரு யன்னல், முழங்கால் மடக்க முடியாதவருக்கு ஏற்ற மலசலகூடம், தடையின்றி வரும் தண்ணீர் ஆகியனவும் வேண்டும். 2019ஆம் ஆண்டுக் கோடையில் சென்னைக்கு நீர் தரும் ஏரிகள் வற்றியபோது விடுதிகளிலும் தண்ணீர் அளந்து விடப்பட்டதை மறக்கலாகாது. வாவிக்கரையில், கிணற்றில் அள்ளி அள்ளிக் குளித்து வளர்ந்தவர்களுக்கும், ஐந்து வேளையும் வுழூச் செய்பவர்களுக்கும் தண்ணீர்க் கேள்வி முதற் கேள்வியாக இருக்க வேண்டும். நடுத்தர விலை கொடுத்து நாம் வாங்குவது இவற்றைத்தான்.

வரியையும் கணக்கில் எடுக்க வேண்டும். நாள் வாடகை 7,500 ரூபாய்க்கு மேற்படாத அறைகளுக்கு 12 வீதமாக இருந்த வரி, 2025 செப்டெம்பர் 22 முதல் 5 வீதமாகக் குறைக்கப்பட்டிருக்கிறது. சொல்லப்படும் விலையில் வரி அடங்குமா என்று கேட்கத் தயங்கக் கூடாது. அறையை விட்டு வெளியேறும் நேரமும் அதேபோல் முக்கியம். பழைய லாட்ஜுகள் பலவற்றில் வந்த நேரத்திலிருந்து 24 மணித்தியாலக் கணக்கு. மற்றைய இடங்களில் நண்பகல் 12 மணியோடு ஒரு நாள் முடிந்துவிடும். விடியற்காலையில் வந்திறங்குபவர் பின்னைய விடுதியில் அறை எடுத்தால் சில மணித்தியாலத் தூக்கத்துக்கு ஒரு நாள் வாடகையைக் கட்ட நேரலாம். மூன்றாவது ஆளுக்கான கட்டில் இன்னொன்று. இந்தியாவின் இணையவழி மருத்துவ வீசாவில் நோயாளிக்குத் துணையாக இருவர் செல்லலாம். ஆகவே நம்மவர் பெரும்பாலும் மூவராகச் செல்கிறார்கள். மேலதிகக் கட்டிலுக்கு எவ்வளவு, அது கட்டிலா அல்லது நிலத்தில் விரிக்கும் மெத்தையா என்பதை முன்னரே பேசிவிட வேண்டும்.

மழையையும் சொல்லிவிடுகிறேன். கிழக்கிலங்கைக்கும் சென்னைக்கும் மாரி ஒரே காலத்தில்தான் வருகிறது. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் வெள்ளத்தினால் சென்னை விமான நிலையமே மூடப்பட்டது. அவசரமற்ற சிகிச்சையை ஐப்பசி, கார்த்திகை கழியும்வரை தள்ளிவைக்கலாம். தள்ளிவைக்க முடியாதவர் கீழ்த்தள அறையை ஏற்காதிருப்பாராக.

இவற்றையெல்லாம் பார்த்துத் தெரிவுசெய்ய நமக்கு நேரமில்லை என்பதனால்தான் தரகர்கள் வாழ்கிறார்கள். விமான நிலைய வாசலில் நிற்பவரும், ஊரிலேயே 'எல்லாம் நான் பார்த்துத் தருகிறேன்' என்பவரும் விடுதிக்காரரிடம் பெறும் தரகு நம் வாடகையில் சேர்க்கப்படுகிறது. அவர் காட்டும் விடுதி மோசமாகத்தான் இருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அவர் பார்ப்பது தமது தரகை. தாயாரின் முழங்காலை அவர் பார்க்க மாட்டார். இணையத்தளத்தில் நட்சத்திரங்களை எண்ணி எடுப்பதும் இதற்கு முழு மாற்றன்று. இந்தியாவில் அரசாங்கத்தின் நட்சத்திரத் தரப்படுத்தல் விடுதிக்காரர் விரும்பினால் பெறுவது. அது இல்லாத நல்ல விடுதிகளும் உண்டு. இணையத்தளங்களில் விருந்தினர் இடும் நட்சத்திரங்களோ வேறு. அங்கே எழுதுபவர் எந்த அலுவலாகச் சென்றவர் என்பது நமக்குத் தெரியாது.

நான் சொல்லும் வழி எளியது. வைத்தியசாலைக்கோ சந்தைக்கோ அருகில் இரண்டு மூன்று விடுதிகளைத் தெரிந்தெடுத்து, அவற்றின் வரவேற்பு மேசைக்கே தொலைபேசியில் பேசுங்கள். மொழி ஒன்றாயிருப்பது நமக்குக் கிடைத்த பேறு. பாங்கொக்குக்கோ சிங்கப்பூருக்கோ செல்லும்போது எல்லாருக்கும் இது வாய்க்காது. இலங்கைக் கடவுச்சீட்டை ஏற்பீர்களா, பதிவு செய்வீர்களா, மின்தூக்கி உண்டா, தண்ணீர் நாள் முழுவதும் வருமா, கணக்கு 24 மணித்தியாலமா நண்பகலா என்ற ஐந்து கேள்விகள் போதும். பொறுமையாகப் பதில் சொல்பவரிடம் இரண்டு இரவுக்கு மட்டும் அறையை உறுதி செய்யுங்கள். பிடித்தால் நீடிக்கலாம்; பிடிக்காவிட்டால் களைப்பு நீங்கிய பின்னர், பகல் வெளிச்சத்தில், அயலில் வேறொன்றைப் பார்க்கலாம். இரண்டு வாரத்துக்கான பணத்தை முன்கூட்டியே கட்டிவிடுபவருக்கு அந்தச் சுதந்திரம் இல்லை.

புலம்பெயர்ந்து வாழும் வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ரொறன்ரோவிலோ இலண்டனிலோ இருந்துகொண்டு, ஊரிலுள்ள பெற்றோருக்குச் சென்னையில் அறை பதிவு செய்பவர்கள் நீங்கள்தான். நீச்சல் தடாகமும் பெரிய கூடமும் உள்ள விடுதியை, நகருக்கு வெளியே, அன்பின் மிகுதியால் எடுத்துக் கொடுக்கிறீர்கள். இடியப்பம் வாங்கவும் தொழுகைக்கோ கோயிலுக்கோ போகவும் வழியின்றி, அந்தக் குளிரூட்டிய அறைக்குள் அவர்கள் நாட்களை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். பணம் கொடுத்த பிள்ளையிடம் குறை சொல்ல அவர்களுக்கு மனம் வராது. பதிவு செய்வதற்கு முன் அவர்களையே கேளுங்கள்.

இறுதியாக, இது தனிமனிதர் மட்டும் தீர்க்கக்கூடிய விடயமன்று. இலங்கையர் தங்கக்கூடிய, ஒழுங்காகப் பதிவு செய்யும் விடுதிகளின் பட்டியலொன்றைச் சென்னையிலுள்ள எமது துணைத் தூதரகம் எல்லோர் பார்வைக்கும் வைப்பது அதன் கடமை என்றே கருதுகிறேன். வெளிநாட்டு நோயாளிகளுக்கெனத் தனிப்பிரிவு நடத்தும் வைத்தியசாலைகளும் தரகில்லாத பட்டியலைக் கொடுக்கலாம். அதுவரைக்கும் ஊரில் நாமே தொடங்கலாம். ஏறாவூரில் பள்ளிவாசல் நிருவாகமோ கோயில் பரிபாலன சபையோ நூலகமோ ஒரு கொப்பியை வைத்து, சென்னை சென்று திரும்புவோர் தாங்கள் தங்கிய விடுதியின் பெயர், வாடகை, தண்ணீர், மின்தூக்கி, நடத்திய விதம் ஆகியவற்றை நான்கு வரியில் எழுதி வைக்கச் செய்தால், அடுத்து நோயாளியோடு புறப்படும் குடும்பத்துக்கு அது பேருதவியாகும். இதற்குப் பெரிய செலவு இல்லை. ஒரு கொப்பியும் ஒரு பேனாவும் போதும்.